குமாரபாளையத்தில் நீண்டகால வாடகை வீடு

குமாரபாளையம் நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் கிழக்குக் கரையில் உள்ள நகராட்சி. ஆற்றின் மறுகரையில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த பவானி உள்ளது. விசைத்தறி, சாயமிடுதல், கல்வி நிறுவனங்கள் ஆகிய மூன்றும் வெளியூர் மக்களை இவ்வூருக்கு இழுக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் வாடகை வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றனர். ஓராண்டுக்கு மேல் தங்கும் எண்ணத்துடன் இவ்வூரில் வீடு எடுப்பவர் அறிய வேண்டிய வழக்கங்கள், சட்ட விதிகள், கவனிக்க வேண்டிய இடர்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் வீட்டுத் தேவையும்

நாமக்கல் மாவட்டம் 1997-இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. குமாரபாளையம் முன்பு திருச்செங்கோடு வட்டத்தில் இருந்தது; இப்போது தனி வட்டத்தின் தலைமையிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. அருகிலுள்ள பெரிய ரயில் நிலையம் ஈரோடு சந்திப்பு.

வாடகைக்கு வருவோரை மூன்று பிரிவாகப் பார்க்கலாம். முதலாவது, தறி ஓட்டுபவர்கள், பாவு ஓட்டுபவர்கள், சாயப்பட்டறைத் தொழிலாளர்கள். இவர்களில் சுற்று வட்டாரக் கிராமத்தினரும், பிற மாவட்டத்தினரும், அண்மைக் காலமாக வட மாநிலத்தவரும் உள்ளனர். இரண்டாவது, ஜே.கே.கே. நடராஜா, எஸ்.எஸ்.எம்., எக்செல் போன்ற கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும். மூன்றாவது, அரசு ஊழியர், வங்கி ஊழியர், வணிகர் குடும்பங்கள். இம்மூன்று பிரிவினருக்கும் கிடைக்கும் வீடும் ஒன்றல்ல, வீட்டு உரிமையாளரிடம் பேரம் பேசும் வலிமையும் ஒன்றல்ல.

வீட்டு வகைகள்

லைன் வீடு: ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள். ஓர் அறையும் சமையல் இடமும் இருக்கும். கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் பொது. தொழிலாளர் குடும்பங்கள் மிகுதியாக வாழ்வது இவற்றில்தான்.

தறிப்பட்டறையை ஒட்டிய வீடு: தறி உரிமையாளரின் இடத்திலேயே அமைந்தது. சத்தமும் அதிர்வும் இரவு முறையிலும் ஓயாது. வாடகை குறைவு, அல்லது வாடகையே இல்லை. இதன் சிக்கல் கீழே தனியாகக் கூறப்படுகிறது.

காம்பவுண்டு வீடு: ஒரே சுற்றுச்சுவருக்குள் உரிமையாளரும் சில குடித்தனக்காரர்களும் சேர்ந்து வாழ்வது. பாதுகாப்பு உண்டு, வருவோர் போவோர் குறித்த கட்டுப்பாடும் உண்டு.

மாடி வீடு: தனிக் குடும்ப வீட்டின் மேல்தளம். தனி மின் இணைப்பும் தனிப் படிக்கட்டும் உள்ள வீடுகளுக்கு வாடகை கூடுதல்.

மாணவர் பகிர்வு வீடு: நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து எடுப்பது. ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் படிப்பு முடித்துச் செல்லும்போது முன்பணம் யாருக்குச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் நண்பர்களுக்குள் தகராறு வரும்.

வீடு தேடும் முறை

பெரிய நகரங்களைப் போல இணையத் தளங்கள் வழியாக இங்கு வீடு கிடைப்பது குறைவு. வாசலில் தொங்கும் 'வீடு வாடகைக்கு' பலகை, மளிகைக் கடைக்காரர், உடன் வேலை செய்வோர், தரகர் ஆகியோரே வழி. தரகர் பொதுவாக ஒரு மாத வாடகையைக் கூலியாகக் கேட்பார். வீடு முடிந்த பின்பே அதைக் கொடுப்பது நல்லது.

தேடும் மாதமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை என்பது வழக்கம். எனவே ஆவணியிலும் தையிலும் வீடு மாறுவோர் மிகுதி. கல்லூரி திறக்கும் காலத்தில் மாணவர்களும் சேர்ந்துகொள்வதால் தேவை கூடும். ஆடியில் காலியாகும் வீட்டை அப்போதே பேசி முடித்து, ஆவணி முதல் தேதியில் குடியேறுவதாக எழுதிக்கொள்பவருக்கு வாடகையில் சற்றுக் குறைத்துக் கேட்க இடமுண்டு.

வீடு கேட்பவரிடம் சாதி, உணவு, திருமணம் ஆனவரா என்ற கேள்விகள் வருவது இப்பகுதியில் மறைவான செய்தியன்று. வட மாநிலத் தொழிலாளர்களும் தனியாக வாழும் பெண்களும் இதனால் மிகவும் அலைகின்றனர். வாடகைச் சட்டங்கள் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு உள்ள உரிமை, கடமைகளையே முறைப்படுத்துகின்றன. வீடே தர மறுப்பவரிடம் அவற்றைக் காட்டிப் பயனில்லை. இத்தகைய நிலையில் வேலை செய்யும் இடத்தாரோ கல்லூரியோ தரும் அறிமுகமே நடைமுறையில் உதவுகிறது.

முன்பணமும் போக்கியமும்

மாத வாடகைக்கு எடுப்பவர் 'அட்வான்ஸ்' எனப்படும் முன்பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்பாடு இல்லையெனில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் விதி. எடுத்துக்காட்டாக, வாடகை 6,000 ரூபாய் என்றால் முன்பணம் 18,000 ரூபாய். கூடுதலாகக் கொடுக்க உடன்பட்டு எழுதிவிட்டால் அந்த எழுத்தே நிற்கும். எனவே தொகையைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

மற்றொரு முறை போக்கியம். இதை ஒத்தி என்றும், சிலர் லீசு என்றும் கூறுவர். குடியேறுபவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுப்பார். மாத வாடகை கிடையாது. குறித்த ஆண்டுகள் முடிந்ததும் முழுத்தொகையும் திரும்ப வரும். அத்தொகைக்கான வட்டியே வாடகைக்கு ஈடு என்பது இதன் கணக்கு.

கேட்பதற்கு இலாபமாகத் தெரியும் இம்முறையில்தான் பேரிழப்பும் நேர்கிறது. உரிமையாளர் அந்த வீட்டின் பேரில் முன்பே வங்கிக் கடன் வாங்கியிருக்கலாம். அவர் தவணை கட்டத் தவறினால், 2002-ஆம் ஆண்டு நிதிச் சொத்து மீட்புச் சட்டத்தின்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அப்போது போக்கியம் கொடுத்தவர் வீட்டையும் இழந்து, பணத்துக்காக உரிமையாளரின் பின்னால் அலைய வேண்டிவரும். தறித்தொழிலில் நூல் விலை ஏற்ற இறக்கத்தால் உரிமையாளர்கள் கடனில் சிக்குவது புதிதல்ல என்பதால், இவ்வூரில் இந்த இடர் வெறும் கற்பனை அன்று.

இதற்கான காப்பு இரண்டு. முதலாவது, வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையத்தளத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இதைப் பெறலாம். பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரியும். ஆனால் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் சில வேளைகளில் அதில் வராமல் போகலாம். ஆகவே மூலப்பத்திரத்தின் அசலை நேரில் பார்ப்பது அவசியம். நகலை மட்டும் காட்டினால் காரணம் கேட்க வேண்டும். இரண்டாவது, பதிவு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத் தீர்வைச் செலவை மிச்சப்படுத்த எண்ணி, பலர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுத்திக்கொள்கின்றனர். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறது. சில இலட்சம் ரூபாய் பாதுகாப்பின்றி நிற்கிறது.

பதினொரு மாத ஒப்பந்தம்

இந்தியா முழுவதும் வாடகை ஒப்பந்தம் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. இதற்குக் காரணம் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு கூறுகிறது. 11 மாதம் என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகம் செல்ல வேண்டியதில்லை. இவ்வாறு ஒரே வீட்டில் 10 ஆண்டுகள் வாழ்பவரும், தாளில் 11 மாதக் குடித்தனக்காரராகவே இருக்கிறார்.

பலர் முதல் ஒப்பந்தம் முடிந்தபின் புதுப்பிப்பதே இல்லை. வாய்ப்பேச்சில் குடித்தனம் தொடர்கிறது. இப்படி இருப்பது நீண்டகாலக் குடித்தனக்காரருக்கு ஏன் ஆபத்து என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாட்டில் வாடகைத் தகராறுகளை நெடுங்காலம் ஆண்டது 1960-ஆம் ஆண்டுக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதில் நியாய வாடகையை அரசு அலுவலர் நிர்ணயிக்க இடமிருந்தது. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நகர்ப்புறங்களுக்கு உரியது. இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 11 மாதமோ அதற்குக் குறைவோ ஆயினும் விலக்கு இல்லை. ஒப்பந்த விவரத்தை வாடகை அதிகாரியிடம் தெரிவித்துப் பதிவு எண் பெற வேண்டும். இதற்கென அரசின் இணையத்தளம் உள்ளது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்.

வாடகை என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. ஒப்பந்தக் காலத்தில் வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் கண்டபடியே அமையும். ஆகவே 'ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு' என்று எழுதிக்கொள்வது நீண்டகாலம் தங்குபவருக்கு நன்மை.

வாடகை பெற்றதற்கு ரசீது தர வேண்டும். வீடு காலி செய்தபின், நியாயமான கழிவு போக எஞ்சிய முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், துப்புரவு வசதி போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. குடித்தனக்காரரை வெளியேற்றக் குழாயை அடைப்பது, பியூஸ் பிடுங்குவது போன்றவற்றுக்கு எதிராக வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வீட்டைப் பார்வையிட வரும் உரிமையாளர் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்.

வெளியேற்றம் சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காக, வாடகை நீதிமன்றத்தின் ஆணைப்படியே நடக்க வேண்டும். இரண்டு மாத வாடகைப் பாக்கி, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியன அக்காரணங்களுள் சில. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் விட்டதும் வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகிறது. வாய்ப்பேச்சில் குடியிருப்பவருக்கு இதுவே பெரிய இடர். 15 ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கொடுத்திருந்தாலும், எழுத்து இல்லை என்ற ஒரே காரணம் அவருக்கு எதிராக நிற்கக்கூடும்.

வேலையும் வீடும் மாவட்ட எல்லையின் இருபுறம் அமைவது இங்கு இயல்பு. பாலத்தைக் கடந்து பவானியில் வீடு எடுத்துக்கொண்டு குமாரபாளையத்தில் வேலை செய்பவர் பலர். வீடு எந்த மாவட்டத்தில் உள்ளதோ அந்த மாவட்டத்தின் வாடகை அதிகாரியிடமே ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். பவானி வீட்டுக்கு ஈரோடு மாவட்டம். குமாரபாளையம் வீட்டுக்கு நாமக்கல் மாவட்டம்.

தறி முன்பணமும் வீடும்

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறிகளில் வேலைக்குச் சேர்பவருக்கு உரிமையாளர் முன்பணம் தருவது பழைய வழக்கம். இதற்குப் பெயர் 'பாக்கி'. கடனை அடைத்த பின்பே வேறு தறிக்குச் செல்லலாம். அல்லது புதிய உரிமையாளர் பழைய பாக்கியைத் தீர்த்து ஆளை அழைத்துக்கொள்வார். மானிடவியலாளர் கீர்ட் டி நெவ் பவானி, குமாரபாளையம் பகுதிகளில் கள ஆய்வு செய்து இவ்வழக்கம் குறித்து எழுதியுள்ளார். தொழிலாளர் உழைப்பு பற்றிய அவரது நூல் 2005-இல் வெளிவந்தது. பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடுவது மட்டுமன்று, ஆள் பற்றாக்குறைக் காலத்தில் தொழிலாளியும் அதைப் பேரத்துக்குப் பயன்படுத்துகிறார் என்பது அவர் ஆய்வின் முக்கியச் செய்தி.

வீடும் தறி உரிமையாளருடையதாக இருக்கும்போது நிலைமை மாறுகிறது. வேலையை விட்டால் கடன் நெருக்குவதோடு குடும்பமும் தெருவுக்கு வரும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய கட்டு. இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனம் தன் பணியாளருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் வீடுகளுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. எனவே தறி வீட்டில் இருப்பவர் தம்மைச் சாதாரணக் குடித்தனக்காரர் என்று காட்டிக்கொள்ள இயலாமல் போகலாம்.

ஆகையால் சிறு வாடகையாயினும் அதைத் தனியாகக் கொடுத்து, ரசீது பெற்று, வேலைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்து வைப்பது தொழிலாளிக்குப் பாதுகாப்பு. கடனைக் காரணம் காட்டி வேலையை விட்டுச் செல்லவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அம்முறையீட்டை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ அளிக்கலாம்.

தண்ணீர், மின்சாரம், வெள்ளம்

வீடு பார்க்கும்போது இவ்வூரில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர். காவிரிக் கரையில் இருந்தும், 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என்ற பிரிவு ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. நல்ல தண்ணீர் என்பது நகராட்சி வழங்கும் ஆற்று நீர். உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீர். சாயக்கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் இங்கு உள்ளன. அனுமதியற்ற சாயப்பட்டறைகளை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தினர் இடித்து அகற்றும் செய்தியும் அடிக்கடி வரும். எனவே குழாயைத் திறந்து நிறம், வாடை, நுரை பார்ப்பதோடு, நகராட்சி நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது என்றும் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டும்.

மின்சாரத்தில், தனி மீட்டர் உள்ளதா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக உயரும். மூன்று குடும்பங்கள் தலா 150 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். தனித்தனி இணைப்பு என்றால் ஒவ்வொருவரும் 50 யூனிட்டுக்கே பணம் கட்டுவர். ஒரே இணைப்பு என்றால் மொத்தம் 450 யூனிட்; அதில் 350 யூனிட்டுக்குக் கட்டணம், அதுவும் உயர்ந்த படியில். உள்மீட்டர் வைத்து உரிமையாளர் தாமே யூனிட் விலை வைக்கும் வீடுகளில், அந்த விலையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். விசைத்தறி இணைப்புக்கு அரசு தனிச் சலுகை தருகிறது. அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது முறைகேடான பயன்பாடு. மின்வாரியம் சோதனையிட்டால் அபராதம் வரும்.

மூன்றாவது வெள்ளம். குமாரபாளையம் மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியோரம் உள்ளது. 2018, 2022 ஆகஸ்டு மாதங்களில் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டபோது, ஆற்றோரத் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்து மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். ஆற்றோர வீடுகளின் வாடகை குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். அத்தகைய வீட்டை எடுப்பவர், 2018-இல் நீர் எந்தப் படி வரை ஏறியது என்று தெருவில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

பராமரிப்பும் காலி செய்தலும்

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இணைப்புப் பட்டியல் பழுதுபார்ப்பைப் பிரித்துத் தருகிறது. கட்டட அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுதல், குழாய் மாற்றுதல், மின்கம்பி மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, சுவிட்சு, பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகவும் எழுதிக்கொள்ளலாம். உரிமையாளர் தம் பொறுப்பைச் செய்ய மறுத்தால், குடித்தனக்காரர் செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கவும் சட்டம் வழி வைத்துள்ளது.

காலி செய்யும்போது 'பெயிண்டு செலவு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிராவிட்டால், வெள்ளையடிப்பு உரிமையாளரின் வேலை என்பதைச் சுட்டிக்காட்டலாம். குடியேறும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும்.

வேறு நாட்டில் இதே பதினொரு மாதம்

குறுகிய காலமாக எழுதி நீண்டகாலம் குடியிருத்தும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் கடற்கரை ஊர்களில் கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை விட்டால் வருவாய் மிகுதி. ஆதலால் உரிமையாளர்கள் 11 மாதப் பருவகால ஒப்பந்தத்தையே விரும்புகின்றனர். ஆனால் அந்நாட்டின் 1994-ஆம் ஆண்டு நகர்ப்புறக் குத்தகைச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பின், நிலையான குடியிருப்பாக எடுப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை தொடரும் உரிமையைத் தருகிறது. உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் ஏழு ஆண்டுகள். தாளில் பருவகாலம் என்று எழுதியிருந்தாலும், உண்மையில் அது குடும்பத்தின் நிலையான வீடு என்று மெய்ப்பித்தால் அந்த உரிமை கிடைக்கும். முன்பணமும் சட்டப்படி ஒரு மாத வாடகை. ஒப்பந்தத்தின்படி கூடுதல் பிணையாக இரண்டு மாதம் வரை கேட்கலாம்.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் இத்தகைய குறைந்தபட்சக் காலம் இல்லை. தாளில் எழுதிய காலமே குடித்தனக்காரரின் காலம். எனவே மூன்றாண்டு தங்க எண்ணுபவர், மூன்றாண்டுக்கே ஒப்பந்தம் எழுதிச் சார்பதிவாளரிடம் பதிவு செய்வதே உறுதியான வழி. பதிவுச் செலவை இரு தரப்பும் பாதிப் பாதியாக ஏற்பது பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

கையெழுத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

1. வாடகைக்கு விடுபவர்தான் உரிமையாளரா என்பதைச் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, மூலப்பத்திரம் ஆகியவற்றில் பார்க்க வேண்டும்.

2. போக்கியம் என்றால் வில்லங்கச் சான்றும் அசல் மூலப்பத்திரமும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

3. முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். ரொக்கம் என்றால் தொகை, தேதி குறித்த ரசீது வேண்டும்.

4. வாடகை உயர்வு, மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வெள்ளையடிப்பு, காலி செய்ய அறிவிப்புக் காலம் ஆகிய ஐந்தும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

5. ஒப்பந்தம் இரண்டு அசல்களாக எழுதப்பட்டு ஒன்று குடித்தனக்காரர் கையில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியின் பதிவு எண்ணையும் பெற வேண்டும்.

6. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே புதுப்பிக்க வேண்டும்.

7. வீட்டை ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் சென்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தறி இரவில் ஓடுகிறதா என்பது பகலில் தெரியாது.